ஆறும் ஒன்பதும்

சாட்ஸ்வர்த்தில், நெடுஞ்சாலை இறங்கி வளையும் இடத்தில்
பூபாலன் மூட்லியின் ஈமச்சடங்கு நிலையம்.
விளம்பர ஆலோசகர் என்று நான் போய் உட்கார்ந்தபோது
ஒரு சவப்பெட்டியின் கைப்பிடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்.

மடிக்கணினியைத் திறந்தேன்.
வாடிக்கையாளரின் பயணம் என்றொரு படம்:
அறிதல், விரும்புதல், வாங்குதல், திரும்ப வருதல்.
நாலாவது அம்புக்குறியில் விரலை வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானே அழித்தேன்.

"நம்ம விளம்பரம் அது" என்று சுவரைக் காட்டினார்.
நாட்காட்டி. மயில்மேல் முருகன்.
கிருத்திகை, அமாவாசை, பள்ளி விடுமுறை,
அடியில் நிலையத்தின் பெயர், தொலைபேசி எண்.
மூவாயிரம் பிரதி, மூவாயிரம் சமையலறை.
"பால் கணக்கை அதில்தான் எழுதுகிறார்கள்.
பிள்ளைக்கு ஊசி போடும் தேதியை வட்டமிடுகிறார்கள்.
என் பெயருக்கு முன்னால் நின்று தினமும் கடுகு தாளிக்கிறார்கள்,
ஒருவரும் என்னை நினைப்பதில்லை.
நினைக்கவும் கூடாது."

இந்த வருஷம் மட்டும் ஒரு பிசகு.
அச்சகத்தில் கடைசி ஆறு ஒன்பதாகிவிட்டது.
தெரிவதற்குள் பிப்ரவரி.
ஆணியில் ஏறியதை யார் போய் இறக்குவது?

அந்த ஒன்பது போய் மணியடித்தது
யூனிட் மூன்றில் ஜுலேகா காசிமின் கடையில்.
ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் பன்னி கடை.
"மட்டனா, பீன்ஸா" என்று ஆரம்பிக்கும் வாய்
மறுமுனையின் மூச்சைக் கேட்டதும் நின்றுவிடுமாம்.
பக்கத்து மருந்துக்கடையில் தொங்கிய பழைய நாட்காட்டியைப் பார்த்து
சரியான எண்ணைக் குறித்துவைத்தாள்.
பூபாலன் மன்னிப்புக் கேட்கப் போனபோது
"இருக்கட்டும், எனக்கும் தூக்கம் வருவதில்லை" என்றாள்.

நவம்பரில் நானும் போனேன்.
கல்லாவுக்கு அடியிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்துத் தந்தாள்.
கால் ரொட்டி மட்டன் இரண்டு, அரை ரொட்டி பீன்ஸ் ஒன்று,
இடையிடையே, அதே பேனாவில்,
நாற்பத்தொரு அழைப்பு. நேரம், பெயர்,
முதலில் சொன்ன வார்த்தை:

அப்பா இன்னும் சூடாக இருக்கிறார், இப்பவே கூப்பிடலாமா.
வேட்டி நாங்கள் கொண்டுவரணுமா.
லோட்ஷெட்டிங், லிஃப்ட் ஓடாது, நாங்கள் நாலாவது மாடி.
மகன் பெர்த்தில், எத்தனை நாள் வைக்கலாம்.
ஒன்றுமில்லை, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்தேன்.

விலை கேட்டவர்கள் இரண்டே பேர்.
இருவரும் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

என் திட்டத்தின் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்,
பதினைந்து சதவீதத் தள்ளுபடி இருந்தது.
பையைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

"புரட்டாசியில் உங்கள் ஆட்கள் விரதம்,
என் மட்டன் அப்படியே தேங்கும்" என்றாள் ஜுலேகா.
"ஆனால் அந்த போன் மட்டும் விரதம் இருக்கவில்லை."

அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பணும்.
வாடிக்கையாளர் எப்படி வந்தார் என்ற கட்டத்தில்
முகநூல், வானொலி, நண்பர், மற்றவை.
மற்றவை: நாற்பத்தொன்று.
மேலாளர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

புது நாட்காட்டியில் தள்ளுபடி இல்லை, தவணை இல்லை.
பெயருக்குக் கீழே ஒரே வரி:
எந்த நேரமும் ஒருவர் எடுப்பார்.
எழுத ஐந்து நிமிடம்.
பூபாலன் அதைப் படித்துவிட்டு
பின் அறையில் இரவுக்கு ஓர் ஆள் போட்டார்,
ராத்திரி ஷிப்ட், மாதச் சம்பளம்.
நான் எழுதியதில் ஒருவருக்குச் செலவு வைத்த
முதல் வரி அதுதான்.

அச்சுக்குப் போகுமுன் எண்ணைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.
ஆறு, ஆறாகவே இருந்தது.
"வலது மூலையில் கொஞ்சம் இடம் இருக்கே" என்றார்.
அங்கே காசிம் பன்னி கடை, ரொட்டி சூடாக, காசு வாங்காமல்.

ஜனவரியில் ஜுலேகாவே கூப்பிட்டாள்.
"இந்த வருஷம் ஒருத்தரும் தப்பாக அடிக்கவில்லை."
புகார் மாதிரி இருந்தது.
என்ன சொல்வதென்று தெரியாமல்,
தொழில் புத்தி, வியாபாரம் ஏறியிருக்கா என்று கேட்டேன்.

பீன்ஸ் ஏறியிருக்கிறது என்றாள்.